மிளகாய்க் களத்தில் ஒன்பது வீடுகள்

1

போன சனிக்கிழமை சந்தையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்றேன். யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் ஹெல்கா அம்மாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் வெள்ளத்தில் போன வீடுகளைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று இதே சந்தை ஓரத்தில் நாங்கள் மேசை போட்டு, உண்டியல் வைத்து நின்றபோது முதல் ஆளாக வந்து காசு போட்டவர் அவர்தான்.

"அந்த வீடுகள் கட்டி முடித்தாகிவிட்டதா?" என்று கேட்டார்.

"முடிந்துவிட்டது" என்றேன்.

"நல்லது, நல்லது" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு கேரட் வாங்கப் போய்விட்டார்.

பையோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். நான் சொன்னது பொய்யில்லை. வீடுகள் முடிந்துவிட்டன. ஆனால் அதைச் சொல்லும்போது எனக்கு ஏன் அத்தனை அசதியாக இருந்தது என்று வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஊரிலிருந்து பேசுகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். "ஜெர்மனிக்காரி கீழத்தெருவுக்கு வீடு கட்டிக் குடுத்துட்டாளாமே" என்று கடலாடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சாம். கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லத் தெம்பில்லை. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் வசந்தா. கடலாடியிலிருந்து வாலிநோக்கம் போகிற பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்தவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது. கணவர் கணேசன் டவுன்பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் யாழினி. இங்கேயே பிறந்தவள்.

2

எங்கள் பக்கம் மழையை எதிர்பார்த்தே பாதி ஆயுசு போய்விடும். அந்த வருடம் ஒரு போக மழையும் நாலைந்து நாளில் மொத்தமாக வந்து இறங்கியது. கண்மாய் நிறைந்தது. நிறைந்த தண்ணீர் வெளியேற வேண்டிய கலுங்கு சீமைக்கருவேல் மண்டி அடைத்துக் கிடந்ததால், தண்ணீர் ஊருக்குள் ஏறியது. மேலத்தெரு மேட்டில் இருப்பதால் எங்கள் வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழத்தெரு கண்மாய் உள்வாயை ஒட்டி இருக்கிறது. அங்கே அத்தனையும் மண்சுவர். நனைந்த சுவர் உள்பக்கமாகச் சரிந்து, வரிசையாக ஒன்பது வீடுகள் உட்கார்ந்துவிட்டன. ஆள் சேதம் இல்லை. ஆடுகள் போயின.

எனக்கு இது தெரிந்தது மதினி அனுப்பிய வீடியோவில். அண்ணன் முருகேசனின் மனைவி அவர். மேட்டில் நின்றபடி செல்போனில் எடுத்திருந்தார். முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் பிடுங்கிவந்த கதவு ஒன்றை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். கேமரா தன் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டு, "யாருக்கு எடுக்குறீக? வசந்தாவுக்கா? ஏய் வசந்தா, நல்லாப் பாத்துக்க" என்கிறாள்.

பாண்டியம்மாள். அஞ்சாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். அதற்குப் பிறகு நான் கடலாடிக்குப் படிக்கப் போனேன், அவள் எங்கள் வயலுக்கே மிளகாய் பறிக்க வந்தாள். மழையில்லாத வருடங்களில் வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போவாள். அவள் என்மேல் கோபமாகச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அந்த வீடியோவை வேலை இடைவேளையில் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நான் கவனித்துக்கொள்ளும் பாட்டி ஒருவர், "ஏன் கண் சிவந்திருக்கிறது?" என்று கேட்டார். ஊர் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது என்று சொல்ல வந்தேன். இந்த மொழியில் மூழ்கடிப்பதற்கும் நீந்துவதற்கும் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பதற்றத்தில் "என் ஊர் நீந்திவிட்டது" என்று சொல்லிவிட்டேன். பாட்டி பல்செட் தெரியச் சிரித்தார். "கெட்டிக்கார ஊர்" என்றார். நானும் சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

3

இங்கே எங்களுக்குப் பலசரக்கு விற்கும் சிவநேசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். சண்டை நேரத்தில் வந்தவர். அவர் கடைக்குப் போய், "அண்ணை, எங்க ஊருக்கு ஏதாவது செய்யணும்" என்றேன். அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"செய்யலாம் பிள்ளை. நாங்கள் சுனாமிக்குச் சேர்த்தனாங்கள். சனம் குடுக்கும். காசு சேர்க்கிறது பெரிய வேலை இல்லை. நீங்கள்தான் களைச்சுப் போவியள்."

அப்போது எனக்கு அது புரியவில்லை. என்னைச் சோர வைக்கப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

சந்தையில் உண்டியலோடு நிற்க அனுமதி வேண்டும். கொடுத்தவர்களுக்கு வரிவிலக்கு ரசீது தர வேண்டுமென்றால் பதிவுசெய்த சங்கம் வேண்டும். சங்கம் தொடங்க ஏழு பேர் வேண்டும். நாங்கள் இருவர், சிவநேசன் அண்ணையும் அவர் மனைவியும், என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், கணேசனோடு பஸ் ஓட்டும் ஒரு துருக்கிக்காரர் என்று ஏழு பேரை ஒப்பேற்றினோம். அலுவலகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். சங்கத்தின் நோக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "வீடுகளை எந்த நிலத்தில் கட்டுவீர்கள்?" என்று கேட்டார்.

"முன்பு இருந்த இடத்தில்தான்."

"அது அவர்களுடைய நிலமா?"

எனக்குச் சுருக்கென்றது. வீடு போய்ப் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது இதென்ன கேள்வி என்று தோன்றியது. "காலங்காலமாக அங்கேதான் இருக்கிறார்கள்" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த ஒரு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான் என்று பிறகு தெரிந்தது.

பணத்தை நேராக ஊருக்கு அனுப்பவும் முடியாது. வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி உள்ள தொண்டு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். ராமநாதபுரத்தில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, அவர்களோடு பேசி முடிக்கவே குளிர்காலம் பாதி போய்விட்டது.

ஜெர்மன் எழுத்து வேலை முழுவதையும் யாழினி பார்த்துக்கொண்டாள். தமிழிலும் ஒரு பதாகை வேண்டும் என்றதும் ஆசையாக அவளே எழுதினாள். 'ஒரு குடும்பத்துக்கு ஒரு கூறை கொடுங்கள்.' கூரை என்று எழுத வேண்டியதை, கல்யாணச் சேலையைக் குறிக்கும் கூறை என்று எழுதிவிட்டாள். நான் கவனிக்கவில்லை. சந்தையில் கட்டின பிறகு, அந்தப் பக்கம் வந்த ஒரு தஞ்சாவூர் அம்மாள் படித்துவிட்டு, அடுத்த வாரம் இஸ்திரி போட்ட பட்டுச்சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "கல்யாணத்துக்கு இருந்த பொண்ணுங்க யாராவது அங்க இருக்காங்களா?" என்று கேட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது? வாங்கி வைத்துக்கொண்டேன். யாழினி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு தமிழில் எதையும் எழுதித்தர அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே இருந்த சின்னப் பாலம் அன்றைக்கு ஆட்டம் கண்டதை நான் பார்த்தேன். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு வேலை. பேச நேரமில்லை.

இன்னொன்றும் நடந்தது. பாண்டியம்மாள் கதவோடு நிற்கும் படத்தைப் பெரிதாகப் போட வேண்டும் என்றேன். யாழினி மறுத்தாள்.

"அவங்ககிட்ட கேட்டியாம்மா?"

"எதுக்குக் கேக்கணும்? அவளுக்காகத்தான செய்யுறோம்."

"நீ தண்ணில நிக்கிற படத்த யாராவது இப்படிப் போட்டா சும்மா இருப்பியா?"

போன் போட்டுக் கேட்டேன். பாண்டியம்மாள், "வேணாம் வசந்தா. சீல மேல ஏறிக் கெடக்கு அதுல. வேற நல்லதா ஒண்ணு அனுப்புறேன்" என்றாள். பள்ளிக்கூட வாசலில் தலைசீவிப் பூவைத்து, நேராகக் கேமராவைப் பார்த்தபடி நின்று அனுப்பினாள். அதைத்தான் போட்டோம். வெள்ளத்தில் வீடு போனவள் மாதிரி இல்லை என்று ஒருவர் சொன்னார். ஆனாலும் சனம் கொடுத்தது.

4

பணம் போதுமான அளவு சேர்ந்த வாரத்தில்தான் அண்ணன் போன் செய்தார்.

"ஏத்தா, நீ பாட்டுக்குச் சேத்துக்கிட்டு இருக்க. கீழத்தெருவுல ஒத்தக் கல்லு வைக்கக் கூடாதுன்னுட்டாக தாலுகா ஆபீஸ்ல. கண்மாய்ப் பொறம்போக்காம் அது. திரும்பக் கட்டுனா திரும்பவும் தண்ணி வரும்ல?"

"வேற எடம் தருவாகளாண்ணே?"

"பாத்துத் தாரோம்னு சொல்லியிருக்காக."

பாண்டியம்மாளிடம் பேசினேன். "எங்கய்யா காலத்துல இருந்து பாத்துக்கிட்டேதான இருக்காக" என்றாள். அவர்கள் அப்போது பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறி, ரோட்டோரத்தில் தார்ப்பாய் கட்டி இருந்தார்கள். "நீ காசு வச்சிருக்க. நாங்க ஆளுக வச்சிருக்கோம். மண்ணுதான் இல்ல."

கொஞ்சம் பொறுத்து, சாதாரணமாகக் கேட்டாள். "ஒங்க களத்து மேடு சும்மாத்தான கெடக்கு?"

களத்து மேடு என்பது நாங்கள் மிளகாய் காயப்போடும் இடமும் அதை ஒட்டிய தரிசும். மேலத்தெருவின் கடைசியில் இருக்கிறது. பறிப்பு முடிகிற மாதங்களில் சிவப்புக் கம்பளம் விரித்ததுபோல இருக்கும். மற்றபடி ஆடு மேயும். அய்யா இறந்த பிறகு நானும் அண்ணனும் எதையும் பிரிக்கவில்லை. வீடு, கிணற்றுத் தோட்டம், வயல், களம் எல்லாமே பொதுவில் கிடந்தன. அவர் பார்த்துக்கொண்டார். நான் கேட்கவும் இல்லை, எனக்குத் தேவையும் இருக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். "மொளகாய எந்தலையிலயா காயப்போடுறது?" என்றார். மிளகாய் காயப்போட வேறு இடம் பார்க்கலாம் என்றேன். அவர் குரல் மாறியது.

"அது நம்ம தெரு, வசந்தா."

"தெருவோட கடைசிதானண்ணே."

"நம்ம தெரு. வெளக்கமாச் சொல்லணுமா ஒனக்கு? நீ பொறந்து வளந்த ஊருதான இது? அவுகளும் நல்லவுகதான், நான் ஒண்ணும் கொற சொல்லல. கல்யாணம் காச்சின்னா நான்தான் முன்ன நிக்கிறேன். ஆனா இங்கன கொண்டாந்து வச்சா நாளைக்கு நான் இந்தத் தெருவுல நடக்க வேணாமா?"

பிறகு பல நாள் அவர் போனை எடுக்கவில்லை. இங்கே சங்கத்தில் கூட்டம் போட்டால், "எப்போது வேலை தொடங்கும்?" என்று கேட்டார்கள். கொடுத்தவர்கள் மின்னஞ்சலில் கேட்டார்கள். நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று யாழினி எல்லோருக்கும் ஒரே பதிலை அனுப்பினாள். ஒருநாள் என்னிடம், "அம்மா, மாமாகிட்ட நிலம் இருக்குல்ல? அப்புறம் எதுக்குப் பாக்குறோம்?" என்று கேட்டாள். அவளுக்கு எங்கள் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. ஜெர்மன் மொழியில் அதற்கு என்னிடம் சொல் இல்லை, அவளிடம் அதற்குத் தமிழ் இல்லை. இரண்டையும் கலந்து சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இவ்வளவு வருசமா ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

நான் துணி மடித்துக்கொண்டே இருந்தேன்.

5

சம்பளம் இல்லாத விடுப்பு போட்டு ஊருக்குப் போனேன். ராமநாதபுரத்தில் இறங்கியபோது வெயில் முகத்தில் அடித்தது. அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பையை வாங்கிக்கொண்டார். வழியில் உத்தரகோசமங்கை விலக்கில் டீ வாங்கித் தந்தார்.

வீட்டில் மதினி மீன்குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு சொன்னேன்.

"அண்ணே, பிரிச்சுக்குவோம். எனக்குக் களத்து மேட்ட மட்டும் குடுங்க."

மதினி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பங்கு கேக்கவா வந்த?"

"வேற வழி தெரியலண்ணே."

"அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப நான் பங்கு கேட்டேனா ஒங்கிட்ட? ஆளுக்குப் பாதி நாள் பாத்துக்குவோம்னு கேட்டேனா? மழ இல்லாம அடுத்தடுத்து காஞ்ச வருசத்துல வட்டிக்கு வாங்கி இந்த நெலத்தக் கைவிடாம வச்சிருந்தவன் நான். வெயில்ல நின்னவன் நான். நீ அங்கன குளுருல இருந்துக்கிட்டு, ஒரு போனப் போட்டுப் புண்ணியத்த வாங்கிக்கிற. ஊர்ப் பேச்சு எனக்கு."

அவர் சொன்னதில் எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. இந்த வருடம் முழுக்க எனக்குள் கிடந்த அசதிக்குப் பாதிக் காரணம் இதுதான். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அம்மாவைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, கடைசிவரை பார்த்தவர் அவர். நான் சம்பளத்துக்கு யார் யாருக்கோ செய்கிற அதே வேலை.

"நீங்க செஞ்சது எல்லாம் தெரியும்ணே. அதுக்கு நான் என்ன குடுத்தாலும் பத்தாது" என்றேன். "ஆனா அவுக ரோட்டுல கெடக்காக. ஐப்பசி வந்துரும்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, நான் கிணற்றடியில் நிற்கும்போது வந்து சொன்னார்.

"களம் ஒனக்கு. அந்தத் தரிசும் ஒனக்கு. வேற எதுலயும் ஒனக்குப் பாத்தியம் கெடையாது. தோட்டத்துலயும் இல்ல. இந்த வீட்டுலயும் இல்ல. சம்மதமா?"

நான் பிறந்தது அந்த வீட்டின் நடு அறையில். ஒவ்வொரு தடவை வரும்போதும் அதில்தான் படுப்பேன். மதினி வாசல்படியில் நின்று, வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தார்.

"சம்மதம்ணே" என்றேன்.

பத்திர ஆபீஸில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எழுத்தர் உரக்கப் படித்துக் காட்டினார். என் பெயருக்கு நேராகக் களம். அவர் பெயருக்கு நேராக மற்றதெல்லாம். கையெழுத்துப் போடும்போது அண்ணனின் பேனா எழுதவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன். வாங்கி எழுதிவிட்டு, மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்ததும், "சாப்பிட்டுப் போறியா?" என்று கேட்டார். அப்போதுகூட அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவர் கூப்பிட்டது கடலாடிக் கடையில் சாப்பிடவா, வீட்டுக்கா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் ஒன்பது குடும்பத்துக்கும் தானப்பத்திரம். பாண்டியம்மாள் முதல் ஆளாக நின்றாள். "எம்பேருல போடு. எங்க வீட்டு ஆளு பேருல போட்டா அடுத்த தீவாளிக்கு இருக்காது" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளுடைய வீட்டுக்காரரும் கூடவே சிரித்தார். மற்ற எட்டையும் பெண்கள் பெயரிலேயே எழுதினோம். ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் அவள் என்னிடம், "ராத்தங்க எங்கன போவ?" என்று கேட்டாள். ராமநாதபுரத்தில் லாட்ஜ் என்றேன். அவள் நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன்.

6

வேலை நடந்ததைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வீடு கட்டுகிறவர்கள் படுகிற பாடுதான். எங்கள் பக்கம் தோண்டினால் உப்புத் தண்ணீர். கட்டுமானத்துக்கு லாரியில் நல்ல தண்ணீர் வாங்கினார்கள். கொத்தனார் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். டிராக்டர்காரர் மணலுக்கு ரசீது என்று சிகரெட் அட்டையில் எழுதிக்கொடுத்ததை இங்கே அலுவலகத்துக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நாலு லோடு என்ற அர்த்தத்தில் இருந்த 'நாலு நடை' என்பதை யாழினி நாலு தடவை நடந்து போனார்கள் என்று மொழிபெயர்த்திருந்தாள். இந்த முறை அவளே சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சங்கத்தில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். சொந்த நிலத்தைக் கொடுத்தது எங்களைக் கேட்காமல் எடுத்த முடிவு, இது இப்போது உன் குடும்பக் காரியமாகிவிட்டது என்றார்கள். சிவநேசன் அண்ணை மட்டும் கடைசிவரை கூட்டத்துக்கு வடையோடு வந்தார். ஒருநாள் கடையில் என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "இருங்கோ பிள்ளை" என்றார். டீ குடித்துவிட்டு வந்தேன்.

யாழினி இந்த வருடம் படிப்புக்காக வடக்கே வேறு நகரத்துக்குப் போய்விட்டாள். கிளம்புகிற அன்று, "மாமா வீட்டுக்கு இனிமே போக முடியாதாம்மா?" என்று கேட்டாள். சின்ன வயதில் அந்தக் கிணற்றில்தான் அவளுக்கு நீச்சல் பழக்கினார் அண்ணன்.

"கூப்பிட்டா போகலாம்."

"கூப்பிடுவாரா?"

"தெரியல."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு ரயில் ஏறினாள். இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறாள். தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடிக்கிறாள்.

7

வீடுகளில் பால் காய்ச்சியதை வீடியோவில் பார்த்தேன். சின்ன வீடுகள்தான். ஒரு அறை, சமையல் இடம், பின்னால் கழிவறை, மேலே கான்கிரீட். மேலத்தெருவிலிருந்து யாரும் வரவில்லை. மதினி மட்டும் மண்எண்ணெய் வாங்கப் போகிற மாதிரி போய் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் பால் குடித்துவிட்டு வந்தாராம்.

அடுத்த வாரம் களத்துக்கும் மேலத்தெருவுக்கும் நடுவே கருவேலமுள்ளை வெட்டி வேலி போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை. கடைக்குப் போக, பஸ் ஏற, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக என்று ஒன்பது வீட்டுக்காரர்களும் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பஞ்சாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். தாலுகா ஆபீஸிலும் கொடுத்திருக்கிறார்கள். வேலி இன்னும் இருக்கிறது. ஹெல்கா அம்மாளிடம் இதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு ஜெர்மன் வரவில்லை.

நேற்று பாண்டியம்மாள் போன் செய்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அங்கே பகல்.

"மழ பேஞ்சுச்சு வசந்தா. நல்ல மழ. எனக்குத் தெரியவே இல்ல. தூங்கிட்டேன். விடிஞ்சு வாசல்ல கால வச்சா வெள்ளமா ஓடுது. நான் மழையில தூங்குனதே கெடையாது. சட்டிய எடு, பானைய எடுன்னு முழிச்சே கெடப்போம்."

"ஒழுகலயே?"

"அதத்தான் சொல்ல வந்தேன். தூத்தல் விடல. வாசல் கூட்டிக்கிட்டு இருந்தேன். நிமிந்து பாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் ஒங்கண்ணன் நிக்கிறாரு. கொட இல்ல. தலையில துண்டு. நம்மளத்தான் ஏதோ வையப் போறாருன்னு நெனச்சேன். 'ஒழுகுதா?'ன்னு கேட்டாரு."

நான் ஷூவின் கயிற்றைக் கட்டாமல் அப்படியே உட்கார்ந்தேன்.

"நீ என்ன சொன்ன?"

"ஒழுகலன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போயிட்டாரு."

"வேற ஒண்ணும் கேக்கலயா?"

"இல்ல. முள்ளுல துண்டு மாட்டிக்கிச்சு. எடுத்துட்டுப் போயிட்டாரு."

அவள் வைத்த பிறகு அண்ணனின் எண்ணை எடுத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் தோட்டத்தில் இருப்பார். மழை விட்டிருந்தால் வரப்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருப்பார். அழைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கணேசன் கீழே இருந்து கூப்பிட்டார். இந்தத் தடவை உண்மையாகவே நேரமாகியிருந்தது.